என் வீட்டுப் பிரியாணி

ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் அடுப்படியில் நிற்கிறேன். விறகுப் புகையில் கண் எரிகிறது. பக்கத்து ஷூ கம்பெனியின் சாப்பாட்டு நேரத்துக்குள் நான்கு அண்டாவை இறக்கியாக வேண்டுமென்று சமையல்கார பாய் வியர்வை சொட்ட ஓடுகிறார். அவரை நிறுத்தி, நானும் வீட்டில் பிரமாதமாகப் பிரியாணி செய்வேன் என்கிறேன்.

"அப்டியா சார்? தம் பிரிச்சாச்சு, இத பொரட்டி வுடுங்க. ஜாஸ்தி அழுத்தாதீங்க, சீரக சம்பா ஒடஞ்சிடும்."

கரண்டி என் தோள் உயரம் இருக்கிறது. மூன்றாவது புரட்டலில் அழுத்திவிடுகிறேன்; ஓரத்துச் சோறு கூழாகிறது. பாய் கரண்டியை வாங்கி, கூழானதை மட்டும் தனியே வழித்தெடுக்கிறார்.

சாப்பிட வெளியே போய் உட்கார்கிறேன். இலையில் அதே கூழ் வந்து விழுகிறது.

"கம்பெனி ஆளுங்களுக்கு இத வைக்க முடியாது சார்," என்கிறார் பாய்.

ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறேன். அப்படியே என் வீட்டுப் பிரியாணி.