31407-ம் எண் கைத்துப்பாக்கி

நான் வாய் திறந்தால் பாதி பொய் என்று ஊரில் சொல்வார்கள். இது மீதிப் பாதி. 1988 டிசம்பரில், ஒஹாயோவில் என் வீட்டு நிலவறையில், பட்டப்பகலில் நடந்தது.

பழைய கைத்துப்பாக்கிகள் எந்த ஆண்டு செய்யப்பட்டவை என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அன்று மதியம் 2.15-க்கு பக்கத்து வீட்டு வெல்டா வந்தாள். துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள்.

"எல்வுட், எங்க தாத்தா அமோஸ் இதாலதான் பக்கத்துப் பண்ணைக்காரரைச் சுட்டாராம். 1907-ல தூக்குல போட்டாங்க. திங்கக்கிழமை மியூசியத்துல 'கொலைகாரன் துப்பாக்கி'ன்னு பலகை மாட்டப்போறாங்க. குழல் மேலயே 1898-னு இருக்கே, அப்புறம் என்ன பேச்சுங்கறாங்க."

"அது காப்புரிமை வாங்கின தேதிம்மா. பொறந்த தேதி இல்ல."

"1907-க்கு அப்புறம் செஞ்சதா இருந்தா?"

"தாத்தா இதால சுடல. அவ்வளவுதான்."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. போன தடவை நான் செஞ்ச ஆப்பிள் கேக்குல சர்க்கரைன்னு நெனச்சு உப்பப் போட்ட ஆளு நீங்க."

சொல்லிவிட்டுப் போனாள்.

2.40. கைப்பிடியின் திருகாணியைக் கழற்றினேன். மரப்பிடியின் உட்புறம், செய்தவன் பென்சிலால் எழுதிய எண்: 31407. இரும்பிலும் அதே எண். அட்டவணையில் விரலை ஓட்டினேன்.

"1903" என்றேன், வாய்விட்டு.

க்ரீச்...

மேலே, உத்தரத்தில். கயிறு முறுக்கிக்கொள்ளும் சத்தம். என் நிலவறையில் கயிறே கிடையாது.

2.52. காகிதத்தில் 1903 என்று எழுதினேன்.

க்ரீச்... க்ரீச்...

ஏதோ பாரம் ஆடியது. என் பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

நான் திரும்பவில்லை. எழுபத்தெட்டு வயதில் கழுத்து அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. அன்று அதற்கு நன்றி சொன்னேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. குழலின் அடியில், தோட்டா உருளையின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பூட்டு முனை. இந்தத் துப்பாக்கியின் முதல் மாதிரிக்கு அது கிடையாது. இரண்டாம் மாதிரி வந்தபோது எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள். நான் பார்த்தது தப்பான அட்டவணை.

பக்கத்தைப் புரட்டினேன்.

க்ரீச்...

"1909..."

சத்தம் நின்றது.

3.07.

1909 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பலகை மாட்டவில்லை. வெல்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மார்ச்சில் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் மாதிரி, எண் 31407: செய்து அனுப்பியது 1909 நவம்பர். சந்தேகமே இல்லை.

அதே வாரம் பழைய கோர்ட்டுப் பதிவேடு கிடைத்தது. 1907-ம் ஆண்டுப் பக்கம். சான்றுப் பொருள்: ஒரு கைத்துப்பாக்கி, குழலடியில் பூட்டு முனையுடன், எண் 31407.

தீர்ப்புக்கு முன் அமோஸ் சொன்னதும் அதில் இருந்தது. கேட்டுக் கோர்ட்டே சிரித்ததாம்.

"ஐயா, அத நான் எங்க போய் வாங்குவேன்? அத இன்னும் செய்யவே இல்லீங்களே."