எலுமிச்சை நசுங்கிய சத்தம்

"சத்தமே வராத வண்டிக்கு தில்லியில எவன் பையா வழி விடுவான்? வாடகையைக் குறைங்க."

முதன்முதலாக மின்சாரக் காரைக் குத்தகைக்கு எடுக்கப் போன நான், ஏஜெண்டை 'பையா', அதாவது அண்ணா, என்றழைத்து இந்தியில் அடித்த பேரம் இது. ஜனக்புரி ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே குறைத்தார்.

வெளியே அடர்ந்த மூடுபனி. மனைவி எலுமிச்சம்பழத்தோடு முன்சக்கரத்தருகே குனிந்தாள். காருக்குள் நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமவில்லை. இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன்.

வண்டி நழுவியது. பழம் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பனிக்குள் அவள் தெரியவில்லை. குரலும் வரவில்லை.

பிறகு மெல்ல எழுந்து, சாறு வழியும் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்பதாங்க கையை எடுத்தேன்."

ஏஜெண்டிடம் திரும்பிப் போனேன். "பழைய வாடகையே தர்றேன் பையா. சத்தம் போடற மாதிரி ஏதாவது மாட்டிக் கொடுங்க."

இன்றும் வீடு அமைதியாக இருந்தால், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.