முற்றட்டும் என்று நான் காத்த கண்

ஐயா, அல்லது அம்மா, இதைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்க வேண்டுகிறேன். நான் சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழம் பிரிக்கும் வேலை பார்த்தவன். பள்ளியில் படித்தது தெலுங்கு, அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைதான். தமிழ் எழுத்தை வேலூர்ப் பேருந்துகளின் பலகைகளிலும் பழைய வாரப் பத்திரிகைகளிலும் பார்த்து நானாகவே கற்றேன். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

லாரியிலிருந்து இறங்கும் பெங்களூரா மாங்காய்களில் எது இன்றைக்குக் கூழுக்குப் போகலாம், எது கொட்டகையில் இன்னும் மூன்று நாள் கிடக்க வேண்டும் என்று சொல்வதே என் பணி. தொட்டுப் பார்க்க மாட்டேன். காம்படியின் நிறம் போதும். பழுக்காததை அவசரப்பட்டு அரைத்தால் கூழ் வெளுத்துப் புளித்துவிடும். காத்திருக்கத் தெரிந்தவன் என்று ஆலையில் என்னை மதித்தார்கள். வீட்டிலும் அந்த மதிப்பு எனக்கு இருந்தது. அதுவே கேட்டிற்குக் காரணமாயிற்று.

என் மனைவிக்கு இடது கண் சிறு வயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. வலது கண் ஒன்றைக் கொண்டுதான் அவள் சமைத்தாள், களை எடுத்தாள், எங்கள் மகளை வளர்த்தாள். ஒரு முறை என் வெள்ளை வேட்டி பழுப்பாகவே இருக்கிறதென்று அவள் மூன்று தடவை துவைத்து உலர்த்தியதைக் கண்டேன். வேட்டி வெளுப்பாகத்தான் இருந்தது. பிறகு அரிசியில் கல் தங்கத் தொடங்கியது.

குடிபாலாவில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளம் மருத்துவர் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கிப் புரை விழுந்திருக்கிறது. சொட்டு மருந்தும் கண்ணாடியும் அதைத் தெளிவிக்க மாட்டா. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பது ஒன்றே வழி. சிறு துளையிட்டு, வில்லையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சி, மடித்த வில்லையைச் செலுத்துவது ஒரு முறை. சற்றே பெரிய கீறலிட்டுப் புரையை முழுதாக வெளியே எடுப்பது மற்றொன்று. இப்போது புரை மென்மையாக இருப்பதால் முதல் முறை எளிது, நாள் போகப் போகக் கெட்டியாகிவிடும் என்றார்.

முற்றிவிட்டதா என்று கேட்டேன். அந்தக் காலத்தில்தான் முற்றும்வரை காத்தார்கள், இப்போது வேலைக்கு இடைஞ்சலானால் உடனே எடுத்துவிடலாம் என்றார். இருப்பது ஒற்றைக் கண், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி, திருப்பதியில் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். நான் தலையசைத்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் மனைவி கேட்டாள், "இன்னாயா, எப்போ போலாம்?"

"இன்னும் முத்தல மே. முத்தட்டும்."

"நீ பாத்து சொன்னா சரி."

அச்சம் எனக்கு. இருப்பது ஒரே கண். அரைகுறையில் கை வைத்துக் கெட்டுப் போனால் அவளுக்கு வேறு கண் கிடையாது. மருத்துவர் வயதில் சிறியவர், நான் ஆயுள் முழுவதும் பக்குவம் பார்த்தவன். புத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வரும்போதெல்லாம் என்னை ஏசினாள். "நைனா, அம்மா கண்ணு இன்னா பெங்களூரா காயா, கொட்டாயில போட்டு பழுக்க வைக்கறதுக்கு?" என்றாள். நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. சுவரைத் தடவி நடக்கும் அளவுக்கு அவள் வந்துவிட்டாள். ஒரு காலை, வாசல் வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கருவிழியின் நடுவே பால்போல் வெண்மை படர்ந்திருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சரியான நிறத்தைக் கண்டால் ஆலையில் எனக்கு உண்டாகும் அதே மகிழ்ச்சி. முத்திடிச்சி, சீசன் முடிந்ததும் போகலாம் என்று அவளிடம் சொன்னேன். அப்போது ஆலையில் இராப்பகலாக லாரிகள் வந்துகொண்டிருந்தன.

சீசன் முடியுமுன் அவளுக்குக் கண் சிவந்தது. தலை பிளக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். வெயில் சூடு என்று எண்ணி உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன், நீராகாரம் கொடுத்தேன், வேலைக்குப் போனேன். சீசன் நேரத்தில் என்னை அலைக்கழிக்கக் கூடாதென்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் மகள் வந்து பார்த்து, தாயைத் திருப்பதிப் பேருந்தில் ஏற்றினாள். நானும் பின்னால் ஏறினேன்.

அங்கே ஓர் அம்மையார் மருத்துவர். தமிழ் பேசினார். வலது கண்ணுக்கு ஒரு சிறு விளக்கை மேலிருந்து காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார். "இந்தப் பக்கம்" என்று மனைவி கை நீட்டினாள். வலப்புறம் காட்டிக் கேட்டார். அப்போதும் அதே இடத்தை நோக்கியே கை நீட்டினாள். கீழே காட்டினார், இடப்புறம் காட்டினார். அவள் கை மருத்துவரின் குரல் வந்த திசைக்கே போயிற்று. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பக்கந்தாம்மா, நல்லா தெரியுது" என்றாள் என் மனைவி.

மருத்துவர் என்னை அறைக்கு வெளியே அழைத்தார். புரை அளவு மீறி முற்றி, வில்லை வீங்கி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே அழுத்தம் ஏறிப் பின்னால் இருக்கும் நரம்பைக் கொன்றுவிட்டது. வலி தீர்வதற்காக அறுவை செய்யலாம், பார்வை வராது என்றார். இன்னும் உயர்ந்த வில்லை வைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"எந்த வில்லை வச்சாலும் பார்க்கிறது நரம்புங்கய்யா. அது போயிடுச்சு. வலி வந்த அன்னைக்கே வந்திருந்தாகூட ஏதாவது செஞ்சிருப்போம்."

நான் திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நடையை அறிந்து முகத்தைத் திருப்பினாள்.

"முத்திச்சின்னு சொன்னாங்களாயா?"

"முத்திச்சி" என்றேன். மற்றதை மகள்தான் பிறகு அவளிடம் சொன்னாள்.

இந்த ஆண்டு எனக்கே புரை என்றார்கள். காத்திருக்கவில்லை, அந்த வாரமே அதே மருத்துவமனைக்குப் போனேன். தூரப்பார்வைக்கு ஒரு வில்லை வைத்துக்கொண்டு படிக்க மட்டும் கண்ணாடி போடலாம், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த வில்லையும் உண்டு, ஆனால் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், கிட்டப்பார்வைக்கே அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு, எது வேண்டும் என்று கேட்டார்கள். கிட்டப்பார்வை என்றேன். அரிசியில் கல் பொறுக்குவதும், அவளுக்கு நகம் வெட்டுவதும், ஊசி கோப்பதும் இப்போது நான்தான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். அறுவை முடிய, உட்கார்ந்து ஒரு வேளை உணவு உண்ணும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று எண்ணினேன். அந்த எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்து வீடு வந்தேன். மனைவியை அருகில் அமர்த்திப் பார்த்தேன். முன்கை இரண்டிலும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள், பழையதும் புதியதும். ரவிக்கை உட்புறம் வெளியே தெரிய மாட்டியிருந்தாள். குங்குமம் புருவத்தின்மேல் இருந்தது. எத்தனை மாதங்களாக இப்படி என்று எனக்குத் தெரியாது, என் கண்ணும் மங்கித்தானே இருந்தது.

"தெரியுதாயா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"நான் எப்டிக்கீறேன்?"

"அப்டியேதான் கீற" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

குடிபாலா மருத்துவர் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. அதை இந்தத் தாள்களோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். இரண்டையும் பிரிக்காமல் எங்காவது வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.