ஞாயிற்றுக்கிழமைக் குதிரை

மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிவது என் தொழில். கடைக்காரர்கள் சனிக்கிழமை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் புடவைகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் கையில் எடுப்பேன். காலை நேரம் குதிரைக்கு. குதிரையும் இல்லை, மகளும் இல்லை, பழக்கம் மட்டும் போய்த் தொலையமாட்டேன் என்கிறது. இருட்டு பிரிவதற்கு முன்பே விழிப்பு வந்து, சும்மா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குதிரைப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து வந்து தொற்றியதோ, சாமிக்குத்தான் வெளிச்சம். எங்கள் வம்சத்தில் குதிரை ஏறினவர் ஒருவரும் கிடையாது. என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்ததே ஷேர் ஆட்டோவில். அவளோ நாலு வயதில் வீட்டுக்குள் நாலு காலில் ஓடினாள். கொள்ளு ரசம் வைத்தால் தொடமாட்டாள். "அது குதிரையோட சாப்பாடு மா, நாம துன்னா அது இன்னா துன்னும்?" என்று கேட்பாள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எந்தக் குதிரை இவள் ரசத்துக்காகக் காத்துக் கிடந்தது என்று நான் கேட்டால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

பக்கத்தில் குதிரைக்கு எங்கே போவது? யோசித்து யோசித்து, சின்ன காஞ்சிபுரம் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் கல்லுக் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு அங்கேதான் கழிந்தன. ஒவ்வொரு குதிரையிடமும் போய்ப் பேசுவாள். ஒன்றுக்கு முன்னங்கால் உடைந்திருந்தது. என் இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவிக்கொண்டு போய் அதற்குக் கட்டுப் போட்டுவிட்டாள். காவல்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாமா இது, தூணுக்குத் துணி கட்டிக்கினு! இன்னா நேர்த்திக்கடனா?"

"அதுக்குக் கால் வலிக்குது தாத்தா" என்றாள் என் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது கைக்குட்டை கட்டின இடத்திலேயே இருந்தது. அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும்.

பெருமாள் குதிரை வாகனத்தில் புறப்படும் நாளில் என் நாத்தனாரும் எங்களோடு வருவார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்பேன். மகள் பிறந்தபோது என்னைக் கையிலும் அவளை மடியிலும் வைத்துத் தாங்கியவர் அவர்தான். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூட்டமெல்லாம் கை கூப்பிப் பெருமாளைப் பார்க்கும். என் மகள் பார்வை மட்டும் அவருக்குக் கீழே குதிரைமேல் நிற்கும்.

"மேல பார்றீ, சாமியக் கும்புடு! குதிரையயே பாத்துக்கினு இருக்கிறியே" என்று அண்ணி தலையில் குட்டுவார்.

"இவ்ளோ நகை போட்ட சாமியத் தூக்கிக்கினு ஓடறதே குதிரதானே அத்தை? அதுக்குத்தான் மொதல்ல கும்புடணும்."

"வாயப் பாரு, வாய! எல்லாம் உங்கம்மா குடுக்கற எடம்" என்று திட்டு என் பக்கம் திரும்பும். ஆனால் அந்த வாரமே இவளுக்கு ஒரு மரக்குதிரை பொம்மை வாங்கி வந்ததும் அதே அண்ணிதான்.

ஒருமுறை மகாபலிபுரம் போனோம். கடற்கரையில் நிஜக் குதிரை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கிவிட்டார்கள். இறங்கினவள் வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டாளோ என்று எனக்குத் திக்கென்றது. பஸ்ஸில் செங்கல்பட்டு வரும்போதுதான் வாய் திறந்தாள். "அம்மா, அது சூடா இருந்துச்சு மா" என்றாள். கல்லையும் மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பழகின பிள்ளை. அன்று ராத்திரி குளிக்கமாட்டேன் என்று பிடித்த அடத்தில் ஊரே திரண்டது.

இனிமேல் கல்லுக் குதிரை செல்லாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. விசாரித்ததில், செவிலிமேடு தாண்டி ஆற்றங்கரையில் ஒரு பாய் கல்யாணங்களுக்கு விடும் குதிரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் போகும், சாரட்டு வண்டியும் இழுக்கும். வேலை இல்லாத நாளில் பாலாற்று மணலில் மேயும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். எங்கள் பாலாற்றில் தாராளமாக இறங்கலாம், தண்ணீர் இருந்தால்தானே கரையும்!

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே என் போர்வையை இழுப்பாள். நான் ஸ்கூட்டியை உதைப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்து, "போலாம் போலாம்" என்று என் முதுகைத் தட்டுவாள். பையில் கேரட் இருக்கும். கையில் தேய்ப்பதற்கு ஒரு பழைய பிரஷ். முதல் சில வாரம் பாய் அவளைக் கிட்டேயே விடவில்லை. அப்புறம் கேரட் கொடுக்க விட்டார். அப்புறம் தேய்க்க விட்டார். கொஞ்ச நாளில் கயிற்றையே அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். "நம்ம பேச்சக் கேக்காதுமா, இது பாப்பா பேச்சத்தான் கேக்குது" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். ஏதாவது சத்தத்துக்கு அது மிரண்டால், அவள் அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பாள். அது நின்றுவிடும். நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

ஏழாவது படிக்கும்போது அவள் வயசுக்கு வந்தாள்.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. உட்கார வைத்திருந்த மூலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கெழம குதிரைக்குப் போலாமா மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "இனிமே குதிரையும் வேணாம் கழுதையும் வேணாம். பெரிய மனுஷி ஆயிட்ட. ஆத்தங்கரையில போய் ஆம்பளைங்க நடுவுல கயித்தப் புடிச்சுக்கினு நின்னா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"பன்னெண்டு வயசுப் புள்ளைய எவனும் வந்து கேக்க வேணாம் அண்ணி" என்றேன்.

"உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு" என்றார். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அண்ணி பக்கம் தலையாட்டினார்கள். வீட்டுக்காரரோ, விசேஷம் முடியட்டும் என்று ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். சரி, சடங்கு முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

தாய்மாமன் சீர் என்று என் தம்பி ஊரைக் கலக்கினான். தட்டு தட்டாக வரிசை, பேண்டு செட், பட்டாசு, மேலே பறந்து படம் பிடிக்கும் ட்ரோன். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டபம் வரைக்கும் அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போகச் சாரட்டு வண்டி. "அவளுக்குக் குதிரைன்னா உயிராச்சே கா, அதான்" என்றான் பெருமையாக. தேடிப் பிடித்து அந்த வெள்ளைக் குதிரையையே பூட்டிக்கொண்டு வந்திருந்தான், பாவி. அவன் பாசத்தில் நான் குறை சொல்லமாட்டேன்.

அவள் அரக்குப் பட்டில், நகையில், தலைகொள்ளாத பூவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணி. தலை நிமிரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குதிரைக்குக் கண்ணுக்குப் பட்டை கட்டியிருந்தது. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. முன்னால் யார் இழுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்போது அந்த ட்ரோன் சனியன் தாழ இறங்கி விர்ரென்று குதிரையின் காதோரம் போயிற்று. குதிரை மிரண்டு பின்வாங்கியது. வண்டி குலுங்கியது. சீர்த்தட்டோடு பின்னால் நின்றிருந்த நான் என் மகளைத்தான் பார்த்தேன். சட்டென்று பாதி எழுந்துவிட்டாள், வலது கை முன்னால் நீண்டது. அண்ணி அவள் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

உட்கார்ந்துவிட்டாள். நீண்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். பாய் தோளிலிருந்த துண்டை எடுத்துக் குதிரையின் முகத்தில் போர்த்திச் சமாளித்தார். அவள் தலை நிமிரவேயில்லை. வீடியோக்காரர், "சூப்பர்மா, அப்படியே இரு" என்றார்.

சடங்கு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கண் விழித்தபோது நன்றாக வெயில் வந்துவிட்டது. என் போர்வையை யாரும் இழுக்கவில்லை. எழுந்து வந்து பார்த்தால் கூடத்தில் அண்ணியும் அவளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முடிய வேண்டிய புடவையை மடியில் போட்டுக்கொண்டு, இழைகளைச் சத்தமில்லாமல் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள் என் மகள். "பாத்தியா, இன்னா பதவிசா ஆயிட்டா" என்றார் அண்ணி. சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"போதும், வெச்சுட்டுக் கெளம்புடி" என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

"எங்க?" என்றார் அண்ணி.

"ஆத்தங்கரைக்கு."

"உனக்கு இன்னா கிறுக்கா? நான் அவ்ளோ சொல்லியும்... ஊரு இன்னா பேசும்?"

"ஊரு பேசறத என்கிட்ட வந்து பேசட்டும் அண்ணி. இவள இப்படி ஊமையா ஒக்காரவெச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு எவனும் பொண்ணு கேக்கலன்னா எம்பொண்ணு எங்கூடவே இருந்துட்டுப் போறா!" தெருவுக்கே கேட்டிருக்கும். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன். முதுகில் தட்டு விழவில்லை. திரும்பிப் பார்த்தால், வண்டிக்குப் பக்கத்தில் புதுத் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள். பூத்தையல் போட்ட ஜடையை இன்னும் பிரிக்கவில்லை. ஏறவில்லை.

"அம்மா, நான் வரலாமா?" என்றாள்.

யார் வீட்டுப் பிள்ளையோ என்னிடம் அனுமதி கேட்பது மாதிரி இருந்தது. "இன்னொரு வாட்டி என்கிட்ட அப்படிக் கேட்டே, தோல உரிச்சிடுவேன்! ஏறுடி" என்று கத்தினேன். ஏறினாள். செவிலிமேடு தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.