ஜோதியம்மாளின் பொருத்தனை

என் மாமியார் ஜோதியம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் யாரும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் முயன்று பார்த்து ஓய்ந்துவிட்டேன். வாரம் முழுக்கக் கடலைக்கொல்லையில் வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன சபையில் முதல் ஆளாகப் போய் உட்காருவார். போதகர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவார்.

அந்த அதட்டலுக்கு அடியில் ஒரு பயம் இருந்தது தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. என் கணவர் வல்லரசு கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். அப்போது இந்தக் குடும்பத்துக்கு இயேசு என்றால் யாரென்றே தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் சொல்லிக் கொடுத்தபடி அத்தை வேண்டினாராம்: "புள்ளைய குடுத்துடு, உன் ஊழியத்துக்கே விட்டுடறேன்." பிள்ளை பிழைத்தது. வளர்ந்து பிளம்பர் ஆனது. அத்தைக்கு ஊழியம் என்றால் வெள்ளைச் சட்டை, மேடை, மைக். பைப்பும் ஸ்பேனரும் அந்தக் கணக்கில் வராது. நேர்ந்துகொண்ட பொருத்தனையைச் செலுத்தாததால் கர்த்தர் ஒருநாள் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நடுங்கினார். மகனுக்குச் சளி பிடித்தாலே அத்தைக்குச் சோறு இறங்காது.

கடைசியில் அத்தை ஓயாமல் நச்சரித்து, பைபிள் காலேஜில் மகனுக்கு இடம் வாங்கிவிட்டார். மூன்று வருடம் வெளியூர் ஹாஸ்டல். அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் என் கோபத்தையெல்லாம் பாத்திரங்களிடம் காட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் போதகர் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சுத் தொடரை அனுப்பத் தொடங்கினார். அன்றாட வாழ்க்கைக்கான இறையியல் என்று யாரோ ஒரு பெண் பேசியது. சமையல், சம்பளம், சந்தை, பக்கத்து வீடு, எல்லாவற்றையும் வேதத்தோடு சேர்த்துப் பேசினாள். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், கேட்பதென்றால் வெல்லம். கடலை உரித்துக்கொண்டே கேட்பார், கேட்டுக்கொண்டே சண்டை போடுவார். ஒருநாள் அந்தப் பெண், இயேசுவே பிரசங்கம் செய்த காலம் கொஞ்சம்தான், தச்சுவேலை செய்த காலம்தான் அதிகம், அந்த வருடங்களும் பிதாவுக்குப் பிரியமானவைதான் என்றாள்.

"அவரு தேவகுமாரன்மா! மரம் இழைச்சாலும் ஊழியம்தான். எம்புள்ள கக்கூஸ் பைப்பு மாட்டறான், அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று அத்தை போனைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொன்னார். நானும் சலிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

காலேஜுக்கு அனுப்புமுன் மகனைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஆராதனை வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். ராகு காலம் போட்டிருக்கிறது என்று தினசரிக் காலண்டரை எப்போதோ கழற்றி எறிந்தவர் அவர். எங்கள் வீட்டில் இருப்பது வசனக் காலண்டர் ஒன்றுதான். அதில் அமாவாசையும் கிடையாது, பௌர்ணமியும் கிடையாது. அதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைக் குறித்து, எல்லாரையும் அழைத்துவிட்டார். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் பாதையை அடைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. "கர்த்தருக்குனு குறிச்ச தேதிய மாத்தறதா?" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

அன்று கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். சபையில் எல்லாரும் காத்திருக்க, போதகர் போன் செய்தார். "வேங்கிக்கால்லயே வண்டிய நிறுத்திட்டாங்க. நடந்துதான் வரேன், நேரமாகும்." அத்தையின் முகம் சுண்டிப்போனது. வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த மகனையே பார்த்தபடி இருந்தார்.

அப்போது பாதையோர வீட்டு அருணகிரி அண்ணன் ஓடி வந்தார். பௌர்ணமிதோறும் வாசலில் குழாய் வைத்து, நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவர். வாசலிலேயே நின்று, "வல்லரசு, தப்பா நெனைக்காத. டேங்க்குக்குப் போற பைப்பு கழண்டு உட்டுக்குச்சு. ஜனம் காலி பாட்டிலோட நிக்குது. வேற ஆளு யாரும் இந்தக் கூட்டத்துல வர முடியாது" என்றார்.

என் கணவர் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாடா என்ன பாக்கற? ஜனம் தாகத்துல நிக்குதுன்றாரு, போடா!" என்றார் அத்தை.

என் கணவர் ஓடினார். அத்தையும் எழுந்து நடந்தார். நானும் சபையும் பின்னாலேயே போனோம்.

அருணகிரி அண்ணன் வீட்டுப் பக்கச் சந்தில் என் கணவர் சேற்றில் மண்டியிட்டிருந்தார். புது ஜாயிண்டுக்குப் பசை போட்டு, அது பிடிக்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க மண். வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாள், "எந்தத் தாய் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

அத்தை அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து, "போன்ல பேசின அந்தப் பொண்ணு சரியாத்தான் பேசியிருக்கா" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக நான் மனதுக்குள் சொன்ன ஸ்தோத்திரத்துக்கு அளவே இல்லை.

பிறகு அத்தை சேற்றில் இறங்கி, மகனின் தலைமேல் இரண்டு கையையும் வைத்தார்.

"ஆண்டவரே, குடுக்கறேன்னு சொன்னேன். இந்தாங்க, எடுத்துக்கோங்க."

அவர் அம்மாவைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். பைப்பிலிருந்து ஒரு கை நழுவியது.

"காலேஜுக்கு வரலன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார் அத்தை. "இப்ப கெட்டியா புடி."