அரிசி டின்னில் இருந்த இரும்பு

தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றால் இப்பவும் நான் முதலில் போய் அரிசி டின்னைத்தான் பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டேன். பயத்தை விட முடியவில்லை.

அப்பா டெல்லி ஜங்புராவில் ரிட்டயர்டான ராணுவ அதிகாரி ஒருத்தர் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அவரை சாப் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் பக்கத்தில் தமிழர் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப்பில் இருந்தோம். எனக்குப் பத்து வயசிருக்கும்போது, சாப் கொடுத்தார் என்று அப்பா ஒரு இரும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அரிசிக்குள் புதைத்தார். ஒரு சாண் நீளம், பக்கவாட்டில் ஒரு பிடி. சாப்பின் துப்பாக்கியில் குண்டைப் பூட்டும் போல்ட் அது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை. “தொடாதே. யார்கிட்டயும் மூச்சு விடாதே.” எனக்கென்னவோ அதுவே வெடித்துவிடும் போலிருந்தது. அரிசி எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு வருஷம் கழித்து, நிமோனியா வந்து சாப் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் போல்ட்டைக் காணோம். லைசென்ஸில் இருந்த நம்பரும் துப்பாக்கியில் இருந்த நம்பரும் வேறு வேறு. அசலை விற்றுவிட்டுப் பழசைக் கொண்டுவந்து வைத்துவிட்டான் சமையல்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் உண்மை வரவில்லையென்றால் போலீஸ் என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “துப்பாக்கி கேஸுன்னா ஜாமீனே கிடையாதாம்டி. கேம்ப் முழுக்கப் பொரட்டிருவானுங்க.” அப்பா டின்னில் கைவிட்டுத் துணி மூட்டையை எடுத்தார். நான் அவர் சட்டையை விடவே இல்லை. அதனால் என்னையும் கூட்டிப்போனார்.

சாப் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் துப்பாக்கி கிடந்தது. துப்பாக்கிக் கடை சர்தார்ஜி ஒருவரை மகன் வரவழைத்திருந்தார். சர்தார்ஜி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“இது ஜெர்மன்காரன் பட்டாளத்துத் துப்பாக்கி, பேட்டா. பழைய சண்டையில வந்தது. முன்பக்கத்துக் கட்டையை அறுத்து, முத்திரையை அரம் போட்டுத் தேய்ச்சு, வேட்டைத் துப்பாக்கியா அந்தக் காலத்திலேயே எவனோ மாத்தியிருக்கான். இதோட போல்ட் எங்கே?”

அப்பா மூட்டையை மேஜையில் வைத்தார். அவிழ்க்கும்போது நாலு அரிசி உருண்டது.

“பார்த்தீங்களா? திருடன்!” என்று மகன் எழுந்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். மகன் போனை எடுத்து போலீஸ் நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.

“டெஹ்ரோ, டெஹ்ரோ, கொஞ்சம் பொறு,” என்றார் சர்தார்ஜி. போல்ட்டைத் துடைத்து, பிடியின் அடியில் லென்ஸை வைத்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். லைசென்ஸில் இருந்த அதே நம்பர். “மாத்தினவன் வேற துப்பாக்கியோட போல்ட்டைப் போட்டிருக்கான். லைசென்ஸ் எழுதின ஆபீஸ் கிளார்க் கண்ணுக்கு முதல்ல இதுதான் பட்டிருக்கு, எழுதிட்டான். இது உங்க அப்பாவோட துப்பாக்கியேதான்.”

மகன் போனைக் கீழே வைத்தார். ஆனால் விடவில்லை. “சரி, இது உன் வீட்டுக்கு ஏன் போச்சு?”

“துரு ஏறியிருந்தது சாப். எண்ணெய் போடலாம்னு எடுத்துப் போனேன். மறந்துட்டேன்.”

அந்த இரும்பு ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டதில்லை. சாப்தான் கொடுத்தார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா என் மணிக்கட்டை இறுக்கினார். வலியில் வாயை மூடிக்கொண்டேன்.

“இனிமே வேலைக்கு வர வேண்டாம்,” என்றார் மகன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். “ஏம்ப்பா பொய் சொன்னே?” “ஜல்தி நட,” என்றார் அப்பா. அவ்வளவுதான். அது அவர் சொன்ன முதல் பொய்யும் இல்லை. சாப்பின் மனைவி மேம்சாப் இறந்த வாரத்தில் சாப் அதைக் கொடுத்தபோது, “என் கையை எனக்கே நம்ப முடியலை. நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே” என்றாராம். அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டேன். அதைக் கொடுத்துப் பத்து நாள் கழித்து, மழையில் நனைந்தபடி சாப் எங்கள் வாசலில் வந்து நின்றார். “அதைக் கொடு,” என்றார். அரிசி டின்மேல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்திருக்கவில்லை. “எங்கிட்ட இல்லையே சாப். உள்ள வாங்க, டீ குடிங்க.” சாப் உட்கார்ந்தார், இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடித்தார். பெரிய மனுஷரின் பொருளை ஒளித்து வைத்துக்கொண்டு அவரை ஏமாற்றுகிறாரே அப்பா என்று எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.