பொட்டு வைத்த பெட்டி கொடுத்த முகவரிகள்

அலமாரியில் இருக்கும் அந்தக் கம்பெனிக் காகிதம் என்ன என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அன்றைக்கு வாய் திறந்து சொல்லத் தெம்பில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ. வரைதான் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஒயர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, அண்ணனூரில் ரயில் ஏறும்போதே போன் வந்துவிட்டது. பாதி கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. லேபிள் அடிக்க முடியாமல் லாரிகள் நிற்கின்றன.

நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் குற்றவாளியையே பிடித்துவிட்டார். ஸ்டோரைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. பூஜைக்காகத் தரையைக் கழுவியபோது ஒயரில் தண்ணீர் இறக்கிவிட்டாராம்.

“நாளைலேர்ந்து அந்தம்மா வர வேணாம்னு காண்டிராக்டர்கிட்ட சொல்லிடுங்க” என்றார்.

அக்கா என் பின்னாலேயே வந்தார். “அண்ணாத்தே, நான் ஒயராண்ட போவவே இல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்லு. இந்த வேலைய நம்பித்தான் கீறேன்.”

லேப்டாப்பைச் செருகி, ஒயரில் ஓடும் பேச்சைப் பதிவு செய்தேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கம்ப்யூட்டர் கண் விழித்ததும், “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று எல்லோருக்கும் கேட்கக் கூவும். எங்கள் சர்வர் ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண் இருந்தால்தான் மற்றவற்றோடு பேச முடியும். கேட்பது ஒரு குரல், கொடுப்பது ஒரு குரல். அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

வரிவரியாகப் பார்த்துக் கண் எரிந்தது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் எண்கள் பத்தில் தொடங்கும். இரண்டாவது ஆள் கொடுத்ததோ நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது. எந்தப் பதில் முந்துகிறதோ அதைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். தப்பான எண்ணைப் பிடித்தவை எல்லாம் ஊமையாகிவிட்டன.

தண்ணீர் இறங்கியிருந்தால் பதிலே வராது. இங்கே ஒன்றுக்கு இரண்டாக வருகிறது. அக்கா மேல் தப்பில்லை.

அந்த இரண்டாவது ஆள் எந்த ஒயரில் உட்கார்ந்திருக்கிறான் என்று, எல்லா ஒயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் தேடிப் பிடித்து, அந்த ஒயரோடு ஏணி ஏறி இறங்கி நடந்தேன். அது ஸ்டோரில், பூஜை வைத்த மேஜையில் போய் நின்றது. காய்ந்த சாமந்திக்கு நடுவே ஒரு பழைய வைஃபை பெட்டி. ஒயரைச் செருகிவிட்டால் இதுவும் கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கும். நெற்றியில் சந்தனம், குங்குமம். விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அதை வைத்தவன் நான்தான். எல்லோரும் ஸ்பேனர், டிரில் என்று வைத்தபோது, என் தொழிலுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று கழித்துப் போட்ட பெட்டியை எடுத்து வந்தேன். எல்லா விளக்கும் எரிந்தால் அழகாக இருக்குமே என்று நெட்வொர்க் ஒயரையும் செருகினேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கே கலைக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஒயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டதும் வந்துவிட்டன. அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஒயர் கெட்டிருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் கெட்ட ஒயர் என்றால், கெடுத்தது அக்கா என்றாகிவிடும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலித்தது.

பிறகு பெட்டியோடு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் அதன் பொட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்களேவா?”

“நானேதான் சார்.”

அந்தக் காகிதம் அதற்காகக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம்.

சாயங்காலம் கேட்டருகில் அக்கா நின்றிருந்தார். “இன்னா அண்ணாத்தே, சாமி கும்புட்டது நீ, சாபம் எனக்கா?” என்று சிரித்தார். பிறகு, “நாளிக்கி வரச் சொல்லிட்டாங்க” என்றார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன். அண்ணனூரைத் தாண்டி ஆவடியில் விழித்து, திரும்பி வந்தேன்.